சின்ன தியேட்டரில் ஸ்டேஜ் மேனேஜர் வேலை: கையெழுத்துப் போடுவதற்கு முன்

கேள்வி இதுதான்: கலிபோர்னியாவில் அறுபது இருக்கை உள்ள, லாப நோக்கமற்ற ஒரு சின்ன தியேட்டர், ஸ்டேஜ் மேனேஜராக வரச் சொல்லி ஒரு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறது. நான்கு வாரம் ஒத்திகை, ஒரு டெக் வாரம் (விளக்கு, ஒலி, செட் எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கும் வாரம்), மூன்று வார இறுதிகளில் 12 காட்சி. மொத்தமாக 900 டாலர், கடைசிக் காட்சி முடிந்ததும் தரப்படும், 1099 படிவத்தில், அதாவது ஊழியராக அல்ல, ஒப்பந்தக்காரராக. யூனியன் கிடையாது. கையெழுத்துப் போடலாமா?

அப்படியே போட வேண்டாம். உடனே மறுக்கவும் வேண்டாம். அந்தக் கடிதத்தில் மூன்று விஷயங்கள் சட்டப்படியே நிற்காது: மொத்தத் தொகை, 1099, கடைசியில் பணம். சின்ன தியேட்டர்களில் இது பெரும்பாலும் ஏமாற்று வேலை கிடையாது. இருபது வருடம் முன்பு யாரோ தயாரித்த கடிதத்தில் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி அனுப்பிக்கொண்டிருப்பார்கள். எடுத்துச் சொன்னால் திருத்துகிறவர்கள் நிறையப் பேர். எனவே முதலில் கணக்கு, பிறகு சட்டம், பிறகு கடிதத்தில் என்னென்ன வரிகள் சேர வேண்டும் என்று பார்ப்போம்.

நடிகருடைய நேரமும் ஸ்டேஜ் மேனேஜருடைய நேரமும் ஒன்றல்ல. தகராறு தொடங்கும் இடம் இதுதான். கடிதத்தில் "ஒத்திகை மாலை 6:30 முதல் 10:30" என்று இருந்தால் அது நடிகருக்கான நேரம். நீங்கள் ஆறு மணிக்குக் கதவைத் திறந்து, செட் அளவுக்குத் தரையில் ஒட்டிய டேப் உரிந்திருந்தால் மறுபடி ஒட்டி, ஒத்திகைப் பொருட்களை மேசையில் அடுக்கி, வருகைத் தாளை மாட்டியிருக்க வேண்டும். 10:30-க்கு எல்லோரும் கிளம்பிய பிறகு பெருக்கி, பூட்டி, வீட்டுக்குப் போய் அன்றைய ரிப்போர்ட்டை டிசைனர்களுக்கு அனுப்பி, மறுநாள் யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்ற கால் ஷீட்டையும் அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் கூடுதல். எல்லோருடைய நேரத்தையும் நிமிடக் கணக்கில் குறிக்கிறவருடைய நேரத்தை மட்டும் யாரும் குறிப்பதில்லை.

மேலே சொன்ன அட்டவணையைக் கூட்டிப் பாருங்கள். ஒத்திகைக்கு முன் ஸ்கிரிப்ட் படித்து, ப்ராம்ப்ட் புக் (ஸ்கிரிப்டோடு எல்லாக் குறிப்பும் சேர்ந்த ஸ்டேஜ் மேனேஜரின் புத்தகம்) தயார் செய்து, தொடர்பு எண்கள், ப்ராப்பர்ட்டி எனப்படும் மேடைப் பொருட்களின் பட்டியல், தரையில் செட் அளவுக்கு டேப் போடுவது எல்லாம் சேர்த்து 15 மணி. வாரம் ஐந்து நாள் வீதம் 20 ஒத்திகை, தலா 4 மணி: 80. அதற்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி வீதம்: 30. டெக் வாரத்தில் சனி, ஞாயிறு நடிகர்களுக்குப் பத்து மணி நேர நாள் என்றால் உங்களுக்குப் பன்னிரண்டு, அது 24. அதற்கடுத்த மூன்று மாலைகள் தலா 6: 18. காட்சி நாளில் ஒன்றரை மணி முன்னதாக வந்து, இரண்டேகால் மணி நாடகம் ஓட்டி, முக்கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் எடுத்து வைத்து ரிப்போர்ட் எழுதினால் நாலரை மணி. 12 காட்சிக்கு 54. கடைசி இரவு செட்டைப் பிரிக்க 6. ஆக 227 மணி நேரம். 900-ஐ அதால் வகுத்தால் மணிக்கு 4 டாலர்கூட வரவில்லை.

கலிபோர்னியாவின் குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரி முதல் மணிக்கு 16.90 டாலர். லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ போன்ற நகரங்கள் தமக்கென அதைவிடக் கூடுதலாக வைத்திருக்கின்றன. தியேட்டர் இருக்கும் நகரத்தின் எண்ணைத் தனியாகப் பாருங்கள். இந்த மாநிலத்தில் ஓவர்டைம் வாரக் கணக்கில் மட்டுமல்ல, நாள் கணக்கிலும் உண்டு. ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் இரண்டு மடங்கு. டெக் சனி ஞாயிறில் மட்டும் எட்டு மணி நேர ஓவர்டைம் வருகிறது. அதைச் சேர்த்தால் இந்த வேலைக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சம் ஏறக்குறைய 3,900 டாலர். 900-க்கும் 3,900-க்கும் உள்ள தூரம் பேரம் பேசி அடைக்கிற தூரமல்ல. தியேட்டர் தன் திட்டத்தையே மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

அடுத்து 1099. இந்தப் படிவம் சொந்தத் தொழில் செய்கிற சுயேச்சை ஒப்பந்தக்காரருக்கானது. கலிபோர்னியாவில் யார் அப்படிப்பட்டவர் என்பதை ஏபி5 என்ற சட்டம் தீர்மானிக்கிறது. மாநில உச்ச நீதிமன்றம் 2018-இல் ஒரு வழக்கில் வகுத்த சோதனையைச் சட்டமாக்கி, 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று நிபந்தனை; மூன்றையும் தியேட்டர்தான் நிரூபிக்க வேண்டும். ஒன்று, வேலையை எப்படிச் செய்வது என்பதில் அவர்களுடைய கட்டுப்பாடு இருக்கக் கூடாது. இரண்டு, அந்த வேலை அவர்களுடைய வழக்கமான தொழிலுக்கு வெளியே இருக்க வேண்டும். மூன்று, நீங்கள் ஏற்கெனவே அதே தொழிலைச் சொந்தமாக நடத்துகிறவராக இருக்க வேண்டும். எத்தனை மணிக்கு வர வேண்டும், எங்கே உட்கார வேண்டும், யாருக்கு ரிப்போர்ட் என்று அவர்கள் சொல்வதால் முதலாவது போச்சு. நாடகம் போடுவதே தியேட்டரின் தொழில் என்பதால் இரண்டாவது நிச்சயம் போச்சு. தியேட்டரில் குழாய் பழுது பார்க்க வருகிறவர் 1099 வாங்கலாம். நாடகத்தை ஓட்டுகிறவர் வாங்க முடியாது. இசைக்கலைஞர்களுக்கும் வேறு சிலருக்கும் 2020 செப்டம்பரில் திருத்தச் சட்டம் விலக்குத் தந்தது. அதைக் காட்டி "நமக்கும் விலக்கு வந்துவிட்டது" என்று சொல்வார்கள். ஒத்திகையும் தொடர் காட்சிகளும் உள்ள நாடகத்தின் ஸ்டேஜ் மேனேஜருக்கு அதில் இடமில்லை.

நீங்களே 1099-க்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. ஊழியரா இல்லையா என்பது வேலையின் தன்மையைப் பொறுத்தது, கடிதத்தின் தலைப்பைப் பொறுத்ததல்ல.

இதில் உங்களுக்கு என்ன நஷ்டம்? சம்பளப் பட்டியலில், அதாவது டபிள்யூ-2 ஊழியராக இருந்தால் சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியத் திட்டத்துக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவத் திட்டத்துக்கும் உங்கள் பங்கு 7.65 சதவீதம், முதலாளி பங்கு இன்னொரு 7.65. 1099 என்றால் இரண்டும் உங்கள் தலையில். 900 டாலரில் ஏறக்குறைய 127 டாலர் அதற்கே போகும். ஊழியராக இருந்தால் 69. இது சின்ன விஷயம். பெரியது விபத்துக் காப்பீடு. இருட்டில் ஏணியிலிருந்து விழுந்தாலோ, செட் பிரிக்கும்போது ஆணி காலில் ஏறினாலோ, ஊழியருக்கு முதலாளியின் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு மருத்துவச் செலவைத் தரும். கலிபோர்னியாவில் ஒரே ஓர் ஊழியர் இருந்தாலும் அந்தக் காப்பீடு கட்டாயம். 1099-காரருக்கு ஆஸ்பத்திரி பில் வீட்டுக்கு வரும். வேலையில்லா காலப் படியும் அப்படித்தான். உங்கள் பெயரில் ஊதியமே பதிவாகாது. ஒரு சிக்கலையும் கவனியுங்கள்: இந்த 1099 படிவத்தை (முழுப் பெயர் 1099-என்.இ.சி) அனுப்ப வேண்டிய வரம்பு 600 டாலரிலிருந்து 2026-இல் கொடுக்கப்படும் பணத்துக்கு 2,000 டாலராக உயர்ந்திருக்கிறது. எனவே 900 டாலருக்குப் படிவமே வராமல் போகலாம். படிவம் வரவில்லை என்றால் வரி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சொந்தத் தொழில் நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டாலே அந்த வரி உண்டு.

"நீங்கள் மேனேஜர்தானே, மேனேஜருக்கு ஓவர்டைம் கிடையாது" என்ற வாதமும் வரும். பதவிப் பெயரில் மேனேஜர் இருந்தால் போதாது. கலிபோர்னியாவில் அந்த விலக்குக்கு 2026-இல் ஆண்டுச் சம்பளமே குறைந்தது 70,304 டாலர் இருக்க வேண்டும். அதற்கு மேல் பணியின் தன்மையும் பொருந்த வேண்டும். அறுபது இருக்கை தியேட்டரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாவது, பணம் தரும் நாள். இங்கே ஊழியருக்கு மாதம் இரண்டு முறையாவது சம்பளம் தர வேண்டும். "பாதி தொடக்க நாளில், பாதி முடிவு நாளில்" என்பது பழைய வழக்கம். எட்டு வார வேலைக்கு அது பொருந்தாது. கடைசியில் மொத்தமாக என்பதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. டிக்கெட் விற்பனை சரிந்து நாடகம் இரண்டாம் வாரமே நின்றுவிட்டால், உங்கள் உழைப்பில் முக்கால் பங்கு முடிந்திருக்கும், கையில் ஒன்றும் இருக்காது. வேலையை விட்டு அவர்களாக அனுப்பினால் அன்றைக்கே முழுப் பணமும் தர வேண்டும். நீங்கள் 72 மணி நேர முன்னறிவிப்புடன் விலகினால் கடைசி நாளில், அறிவிப்பில்லாமல் விலகினால் 72 மணி நேரத்துக்குள். வேண்டுமென்றே தாமதித்தால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் கூலி வீதம் முப்பது நாள் வரை அபராதம் ஏறும். பலருக்குத் தெரியாத இன்னொன்று: காட்சிக்கு வந்து நின்ற பிறகு "எட்டே டிக்கெட்தான் விற்றிருக்கிறது, இன்று ரத்து" என்று திருப்பி அனுப்பினால் அன்றைய வேலை நேரத்தில் பாதிக்கான கூலி உண்டு, குறைந்தது இரண்டு மணி, அதிகபட்சம் நான்கு. மின்சாரம் போனதுபோல் தியேட்டர் கையில் இல்லாத காரணம் என்றால் இது பொருந்தாது.

இனி, பணமே இல்லை என்று தியேட்டர் சொன்னால்? உண்மையாகவே இல்லாமல் இருக்கலாம். அறுபது இருக்கை, டிக்கெட் 25 டாலர், பாதி அரங்கம் நிரம்பினால் ஒரு காட்சிக்கு 750 டாலர்; 12 காட்சிக்கு 9,000. அதிலிருந்து நாடகத்தின் உரிமைத் தொகை, அரங்க வாடகை, செட், விளக்கு எல்லாம் போக வேண்டும். எனவே "சட்டம் இது, கொடு" என்று மட்டும் நிற்பதைவிட மணி நேரத்தைக் குறைக்கிற யோசனைகளோடு போவது பலன் தரும். இருபது ஒத்திகையிலும் நீங்கள் இருக்க வேண்டுமா? முதல் வாரம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வசனம் படிக்கும் வாரம் என்றால், இயக்குநரின் உதவியாளர் கால் ஷீட் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் நடமாட்டம் தொடங்கும் நாளிலிருந்து வந்தால் 25 மணி நேரத்துக்கு மேல் மிச்சம். நடிகர்களே செட் பிரிப்பில் நின்றால் உங்கள் ஆறு மணி இரண்டாகும். பன்னிரண்டு மணி டெக் நாளை ஒன்பதாக்கினால் ஓவர்டைம் வெகுவாகக் குறையும். அதற்கு லைட் டிசைனர் கியூக்களை (எந்த இடத்தில் விளக்கு மாற வேண்டும் என்ற குறிப்புகளை) முன்கூட்டியே எழுதி, உங்களோடு பேப்பர் டெக் முடித்திருக்க வேண்டும். மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு கியூவையும் ஸ்கிரிப்டில் குறித்துக்கொள்கிற இந்த மூன்று மணி நேர வேலை, மேடையில் பத்துப் பேரை நிறுத்திவைக்கிற மூன்று மணி நேரத்தை மிச்சப்படுத்தும். இதைச் செய்யாத தியேட்டர்தான் டெக் வாரத்தில் பணத்தைக் கொட்டுகிறது.

முதலாளிச் செலவும் அவர்கள் பயப்படுகிற அளவு இல்லை. 7.65 சதவீதம், புதிய முதலாளி என்றால் மாநில வேலையில்லா காப்பீட்டுக்கு முதல் 7,000 டாலர் ஊதியத்தில் 3.4 சதவீதம், பயிற்சி வரி 0.1 சதவீதம், பிறகு விபத்துக் காப்பீட்டு பிரீமியம். 501(சி)(3), அதாவது மத்திய வரிவிலக்குப் பெற்ற லாப நோக்கமற்ற நிறுவனம் என்றால் மத்திய அரசின் வேலையில்லா வரியிலிருந்து விலக்கு. சம்பளக் கணக்கை வெளியே ஒரு பேரோல் நிறுவனத்திடம் கொடுத்துவிடலாம். சின்ன கலை நிறுவனங்களின் ஊதியச் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தர 2022-இல் ஒரு சட்டமும் வந்தது. ஆண்டு வருவாய் 20 லட்சம் டாலருக்கு உட்பட்ட லாப நோக்கமற்ற மேடைக்கலை அமைப்புகளுக்கானது. நிதி ஒதுக்கீடு அந்தந்த வருடத்து பட்ஜெட்டைப் பொறுத்தது. அந்தத் தியேட்டருக்கு இது தெரியாமலே இருக்கலாம், சொல்லிவிடுங்கள்.

லாப நோக்கமற்ற அமைப்பில் உண்மையான தன்னார்வலராக, ஒரு பைசா வாங்காமல், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற நிலையில் வேலை செய்வதும் சட்டத்துக்கு உட்பட்டதே. ஊர்ச் சங்க நாடகங்கள் அப்படித்தான் நடக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற "கொஞ்சம் பணம், முழுக் கடமை" என்ற ஏற்பாடுதான் இரண்டு பக்கமும் ஆபத்து. என் கருத்தில், இலவசமாகச் செய்வதானால் இலவசம் என்று சொல்லி, நேரத்துக்கும் பொறுப்புக்கும் எல்லை போட்டுக்கொண்டு செய்யுங்கள். சம்பளம் என்றால் சம்பளம்.

இப்போது கடிதத்தில் சேர வேண்டியவை. அதிகம் சண்டை வருவது கடமைகள் பகுதியில். "ஸ்டேஜ் மேனேஜரின் வழக்கமான பணிகள்" என்று ஒரே வரியில் இருந்தால், அதற்குள் நடிகர் சட்டை துவைப்பது, டிக்கெட் கிழிப்பது, கழிவறைக்கு பேப்பர் வைப்பது எல்லாம் வந்து சேரும். பட்டியலாக எழுதச் சொல்லுங்கள்: ப்ராம்ப்ட் புக், கால் ஷீட், ஒத்திகை மற்றும் காட்சி ரிப்போர்ட், கியூ கொடுப்பது, நாடகம் தொடங்கிய பிறகு இயக்குநர் அமைத்தபடி காட்சியைக் கட்டிக்காப்பது. பிறகு "இவை இல்லை" என்று இன்னொரு பட்டியல்: துணி துவைப்பது, ப்ராப்பர்ட்டி வாங்க அலைவது, டிக்கெட் மேசை, விளக்கு தொங்கவிடுவது. இந்த இரண்டாம் பட்டியல்தான் முக்கியம். அதிலிருந்து ஏதாவது உங்களிடம் வர வேண்டும் என்றால் எத்தனை மணி, யார் அனுமதி என்று பேச்சு அங்கேயே தொடங்கிவிடும்.

சின்ன தியேட்டரில் லைட் போர்டையும் ஒலியையும் ஸ்டேஜ் மேனேஜரே ஓட்டுவது சாதாரணம். ஒத்துக்கொள்ளலாம், ஆனால் எப்படி என்று எழுத்தில் வேண்டும். மேடையில் சண்டைக் காட்சி, அதே நொடியில் 42-ஆம் விளக்கு கியூ, இடிச் சத்தம், உள்ளே காத்திருக்கும் நடிகருக்கு கியூ லைட். இரண்டு கை, மூன்று பொத்தான். சரியான ஏற்பாடு, ஒலியை ஓட்டும் க்யூலேப் என்ற மென்பொருள் உள்ள கணினியிலிருந்தே லைட் போர்டுக்குச் சமிக்ஞை போகும்படி டிசைனர் இணைத்துத் தருவது. ஒரே "கோ" அழுத்தினால் இரண்டும் ஓடும். இந்த இணைப்பு டெக் தொடங்கும் முன் முடிந்திருக்க வேண்டும், டிசைனரின் வேலையாக அவர் கடிதத்திலேயே இருக்க வேண்டும். டெக் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கேபிள் தேடிக்கொண்டிருந்தால் அந்த நாள் போச்சு. கியூ கோப்பின் நகல் ஒரு யூ.எஸ்.பி-யில் தினமும். விளக்கும் ஒலியும் ஓட்டுகிற பூத்தில் நீங்கள் பூட்டிக்கிடக்கும்போது மேடைக்குப் பின்னால் பொறுப்பான ஒருவர் இருக்க வேண்டும், ஹெட்செட்டோடு. யாருமில்லாமல் நடிகர் மயங்கி விழுந்தால் நீங்கள் படி இறங்கி ஓடி வருவதற்குள் என்ன ஆகும் என்று ஒரு தயாரிப்பாளரிடம் கேட்டாலே உதவி ஸ்டேஜ் மேனேஜர் ஒருவர் கிடைத்துவிடுவார்.

தேதிகள். வேலை தொடங்கும் நாள் முதல் ஒத்திகை நாளல்ல. ஆயத்த வேலை தொடங்கும் நாள். முடியும் நாள் கடைசிக் காட்சியல்ல. செட் பிரித்து, சாவி ஒப்படைக்கும் நாள். இடையில் வரக்கூடிய எல்லாமே கூலி உள்ள வேலை என்று எழுதுங்கள்: வார நடுவில் நினைவூட்டு ஒத்திகை, மாற்று நடிகருக்குப் பயிற்சி, போட்டோ எடுக்கும் நாள், ஜூமில் தயாரிப்புக் கூட்டம். நாடகம் நன்றாக ஓடி நீட்டித்தால் உங்களைக் கேட்டுத்தான் நீட்டிக்க வேண்டும். எத்தனை நாள் முன்னதாகச் சொல்வார்கள் என்பதும் வேண்டும். பகலில் வேறு வேலை பார்க்கிறவர் என்றால் வர முடியாத நாட்களைக் கடிதத்தின் பின்னிணைப்பாகக் கொடுத்துவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது டெக் வாரத்தில் யாருக்கும் நினைவிருக்காது.

இடைவேளை விஷயத்தில் விசித்திரமான ஒன்று நடக்கும். அமெரிக்க நடிகர் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டியின் வழக்கப்படி 55 நிமிட வேலைக்கு 5 நிமிடம் அல்லது 80 நிமிடத்துக்கு 10 நிமிடம் ஓய்வு. யூனியன் இல்லாத தியேட்டர்களும் இதையே பின்பற்றுகின்றன. இடைவேளை விடுவது நீங்கள். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில்தான் இயக்குநர் உங்களிடம் வருவார், நடிகர் வசனம் கேட்பார், காஸ்ட்யூம் டிசைனர் அளவெடுக்க நேரம் கேட்பார். டெக் நாளின் சாப்பாட்டு இடைவேளை முழுக்கத் தயாரிப்புக் குறிப்புகளில் போய்விடும். மாநிலச் சட்டப்படி ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகிற நாளில் அரை மணி உணவு இடைவேளை தர வேண்டும் (ஆறு மணி நேரத்துக்குள் முடிகிற நாளில் இரு தரப்பும் சம்மதித்து விட்டுவிடலாம்), நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்து நிமிட ஓய்வும் உண்டு. தராத நாளுக்கு ஒரு மணி நேரக் கூலி கூடுதல். எனவே குறிப்புக் கூட்டம் எப்போது, உங்கள் சாப்பாடு எப்போது என்பது டெக் அட்டவணையில் தனித்தனி வரியாக இருக்கட்டும்.

செலவுகள்: ஸ்கிரிப்ட் அச்சு, பைண்டர், தரையில் இடம் குறிக்கும் ஸ்பைக் டேப், கேபிள் ஒட்டும் காஃபர் டேப், மைக்குக்கு ஏஏ பேட்டரி, முதலுதவிப் பெட்டி. வேலைக்காகச் செய்கிற நியாயமான செலவை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்பது கலிபோர்னியா சட்டம். சொந்த போனை வேலைக்கு உபயோகிப்பதும் இதில் வரும், நியாயமான ஒரு பங்கு. நடைமுறையில் எளிது: முதல் நாளே 75 அல்லது 100 டாலர் முன்பணம் வாங்கி, ரசீதுகளை ஓர் உறையில் போட்டு வையுங்கள். ஒரு சுருள் காஃபர் டேப் விலை தெரிந்தவர்கள் இதைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

அதிகாரம் பற்றி ஒரு பத்தி அவசியம். பாதுகாப்பு ஆபத்து கண்டால் ஒத்திகையையோ காட்சியையோ நிறுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு என்ற வரி வேண்டும். மேடைச் சண்டை இருந்தால் ஒவ்வொரு காட்சிக்கும் முன் அதை மெதுவாக ஒரு முறை ஓட்டிப் பார்க்கும் நேரம் கால் ஷீட்டிலேயே இருக்க வேண்டும். பாலியல் தொல்லை அல்லது வேறு புகார் வந்தால் யாரிடம் போக வேண்டும் என்பது மிக முக்கியம். சின்ன தியேட்டரில் கலை இயக்குநரே தயாரிப்பாளர், அவரே நாடக இயக்குநர், சில இடங்களில் கதாநாயகனும் அவரே. புகார் அவர் மேலேயே என்றால்? தியேட்டரின் நிர்வாகக் குழுவில் (போர்டு) ஒருவருடைய பெயரும் எண்ணும் முதல் ஒத்திகையிலேயே எல்லோருக்கும் கொடுக்கப்பட வேண்டும். 2017 டிசம்பரில் வெளிவந்த சிகாகோ தியேட்டர் ஸ்டாண்டர்ட்ஸ் என்ற ஆவணம் யூனியன் இல்லாத சின்ன தியேட்டர்களை மனதில் வைத்தே எழுதப்பட்டது. புகார்ப் பாதையை எப்படி அமைப்பது, நடிகர்கள் தமக்குள் ஒரு பிரதிநிதியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்றெல்லாம் அதில் இருக்கிறது. எந்த ஊர்த் தியேட்டரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பிரதிநிதி இருந்தால் எல்லாப் புகாரும் உங்கள் மேசைக்கே வந்து சேருவது குறையும்.

ஈக்விட்டி பற்றிக் கேட்பீர்கள். 1913-இல் தொடங்கிய அந்தச் சங்கம் நடிகர்களோடு ஸ்டேஜ் மேனேஜர்களையும் உறுப்பினராகக் கொண்டது. சின்ன அரங்குகளுக்கென்றே பல ஒப்பந்தங்கள் வைத்திருக்கிறார்கள். 350 இருக்கைக்குக் குறைந்த தியேட்டர்களுக்கான எஸ்.பி.டி (ஸ்மால் புரொபஷனல் தியேட்டர்) ஒப்பந்தத்தில், வாரத்துக்கு எத்தனை காட்சி, எத்தனை மணி என்பதை வைத்து 1 முதல் 10 வரை படிநிலை. லாஸ் ஏஞ்சலஸில் கதை வேறு. 99 இருக்கைக்குள் என்றால் உறுப்பினர்கள் பெயரளவுத் தொகைக்கு வேலை செய்யலாம் என்ற திட்டம் 1988 முதல் இருந்தது. 2015-இல் ஆலோசனை வாக்கெடுப்பில் வாக்களித்த உள்ளூர் உறுப்பினர்களில் மூன்றில் இரு பங்கினர் மாற்றத்தை எதிர்த்தார்கள்; இருந்தும் சங்கம் குறைந்தபட்சக் கூலியை அடிப்படையாக வைத்த புதிய ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது, சில விதிவிலக்குகளோடு. எதிர்த்தவர்கள் பயந்தது தியேட்டர்கள் மூடிவிடும் என்று. அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் ஏபி5 வந்த பிறகு கலிபோர்னியாவில் அது யூனியன் கேள்வியாக மட்டும் இல்லாமல் மாநிலச் சட்டமாகவே ஆகிவிட்டது.

உறுப்பினராகிவிட்டால் ஈக்விட்டி ஒப்பந்தம் இல்லாத நாடகத்தில் வேலை செய்ய முடியாது என்பதை மறக்க வேண்டாம். உங்கள் ஊரில் ஈக்விட்டி தியேட்டர் இரண்டே என்றால் அவசரப்பட வேண்டியதில்லை. உறுப்பினர் ஆகாவிட்டாலும் அவர்களுடைய ஒப்பந்த விதிப்புத்தகங்களை இணையத்தில் படிக்கலாம். ஓய்வு நேரம், டெக் நாள் விதிகள், ஆயத்த நாட்கள் பற்றிய வாசகங்களை அங்கிருந்து பார்த்து உங்கள் கடிதத்துக்கு ஏற்றபடி எழுதிக்கொள்ளுங்கள். யூனியன் ஒப்பந்தம் தருகிற, உங்களால் எழுதிக்கொள்ள முடியாத ஒன்று வைப்புத்தொகை: தயாரிப்பாளர் கைவிட்டு ஓடினால் சம்பளம் கொடுக்கச் சங்கம் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கும் பணம். யூனியன் இல்லாதபோது மாதம் இருமுறைச் சம்பளம்தான் உங்களுக்குள்ள முதல் பாதுகாப்பு.

மாநிலம் மாறினால் கணக்கும் மாறும். மத்தியக் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலை முதல் 7.25 டாலர்தான்; அதுவும் ஆண்டு வணிக வருவாய் 5 லட்சம் டாலரை எட்டாத சின்ன தியேட்டருக்குப் பொருந்தாமல் போக வாய்ப்புண்டு. நியூயார்க் நகரத்தில் 2017 மே முதல், மாநிலம் முழுக்க 2024 ஆகஸ்ட் முதல், 800 டாலரும் அதற்கு மேலும் உள்ள சுயேச்சை வேலைக்கு எழுத்து ஒப்பந்தமும், தேதி குறிப்பிடாவிட்டால் முடிந்த 30 நாளில் பணமும் கட்டாயம். இல்லினாயில் அதே போன்ற சட்டம் 2024 ஜூலை முதல், 500 டாலரிலிருந்து.

விசாவில் இருக்கிற நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எச்-1பி ஒரு முதலாளிக்கு மட்டுமான அனுமதி. எஃப்-1 மாணவர் சி.பி.டி, ஓ.பி.டி போன்ற அனுமதி இல்லாமல் வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய முடியாது. எச்-4 என்றால் வேலை அனுமதி அட்டை வேண்டும். "ஸ்டைபெண்ட்தானே, சம்பளமில்லையே" என்பது குடியேற்ற அதிகாரியிடம் எடுபடாது. மற்றவருக்குச் சம்பளம் கொடுக்கிற அதே வேலையை நீங்கள் இலவசமாகச் செய்தால்கூடச் சிக்கல் வரலாம். வக்கீலிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

தியேட்டருக்கு எழுதும் பதில் சுருக்கமாக இருக்கட்டும். வேலையில் ஆர்வம் இருக்கிறது என்று ஒரு வரி. மேலே போட்ட மணிக்கணக்கு ஒரு சின்ன அட்டவணையாக. டபிள்யூ-2-வில் மணிக்கூலியாகத் தர முடியுமா, மணியைக் குறைக்க இந்த இந்த யோசனைகள் என்று நான்கு வரி. சட்டப் பிரிவு எண்களை முதல் கடிதத்தில் அடுக்க வேண்டாம். பல சின்ன தியேட்டர்களில் அதைப் படிப்பவர் சம்பளம் வாங்காத ஒரு பொருளாளர், பயந்துவிடுவார். ஊழியராக எடுத்துக்கொண்டால் முதல் நாள் உங்கள் கைக்கு வர வேண்டிய தாள் ஒன்று உண்டு: கூலி எவ்வளவு, சம்பள நாள் எது, விபத்துக் காப்பீட்டு நிறுவனம் எது என்று எழுதிய அறிவிப்பு. அது வந்தால் மற்றவை பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

வேலை தொடங்கிய பிறகு உங்கள் நேரத்தை அன்றன்றே எழுதுங்கள், வந்த நேரம், போன நேரம், வீட்டில் ரிப்போர்ட் எழுதிய நேரம். தியேட்டரின் கூகுள் டிரைவில் மட்டும் வைக்க வேண்டாம். நாடகம் முடிந்ததும் அந்தக் கதவு மூடிவிடும். நீங்கள் அனுப்பிய ஒத்திகை ரிப்போர்ட்டுகளில் தொடக்க, முடிவு நேரங்கள் இருப்பதால் அவையே நல்ல சாட்சி. பணம் வராமல் போனால் மாநிலத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் கூலி மனு போடலாம். கட்டணமில்லை, வக்கீல் தேவையில்லை, குடியேற்ற நிலையைக் கேட்பதில்லை. குறைந்தபட்சக் கூலி, ஓவர்டைம் பாக்கிக்கு மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. 1099 கொடுத்துவிட்டார்கள் என்றால் மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ்-இன் எஸ்.எஸ்-8 படிவம் போட்டு உங்கள் நிலையைத் தீர்மானிக்கக் கேட்டு, வரித் தாக்கலில் 8919 படிவம் சேர்த்தால் முதலாளி பங்கான 7.65 சதவீதத்தை நீங்கள் கட்ட வேண்டியதில்லை. தீர்மானம் வரப் பல மாதம் ஆகும். அதற்காகத் தாக்கலைத் தள்ளிப்போட வேண்டாம்.